குவிஸ்அப்: நெடுநாள் ஆடிய ஒருத்தியின் அனுபவம்

குவிஸ்அப் என்னும் வினாடி வினா விளையாட்டு 2021 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி யாரும் அதைப் பதிவிறக்கி ஆடிப் பார்க்க வழியில்லை. ஒரு பொருளை வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்வதற்கு மட்டுமே அனுபவக் குறிப்பு எழுத வேண்டும் என்றால் இதற்குத் தேவையே இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு போன்களுக்கு அது வந்த 2014 முதல் மூடப்பட்ட நாள் வரை விடாமல் ஆடியவள் என்ற முறையிலும், கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் புவியியல் கற்பிப்பவள் என்ற முறையிலும், அந்த விளையாட்டு செய்த ஒரு காரியத்தை அதற்குப் பின் நான் ஆடிய எந்தச் செயலியும் செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். ஒரே பொருளில் ஆசை வைத்த இரண்டு பேரை, அவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், ஓரிரு நிமிடம் எதிரெதிரே உட்கார வைத்தது அது.

அதை உருவாக்கிய பிளெயின் வெனிலா என்ற நிறுவனம் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் இருந்தது. 2013 நவம்பரில் ஐபோனுக்கு வெளியான சுமார் ஒரு வாரத்திலேயே பத்து லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அப்போது ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ மூன்றேகால் லட்சம்தான். நம் திருப்பூர் மாநகரில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அவ்வளவு சிறிய நாட்டிலிருந்து வந்த ஒரு விளையாட்டை நம் ஊர்ப் பேருந்தில் உட்கார்ந்து ஆட முடிந்ததே என்ற வியப்பு எனக்குக் கடைசி வரை தீரவில்லை.

ஆட்டத்தின் அமைப்பு மிக எளிது. முதலில் ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புவியியல், கணிதம், கொடிகள், லோகோக்கள், தொலைக்காட்சித் தொடர்கள் என்று நூற்றுக்கணக்கான தலைப்புகள் இருந்தன. தேர்ந்தெடுத்ததும் அதே நேரத்தில் அதே தலைப்பைத் தொட்டிருக்கும் இன்னொருவரைச் செயலி தேடிப் பிடித்து, அவருடைய படத்தையும் நாட்டையும் உங்கள் படத்துக்கு எதிரே வைக்கும். மொத்தம் ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடிகள். நான்கு விடைகளில் ஒன்று சரி. சரியான விடையை உடனே தொட்டால் 20 புள்ளிகள், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். ஏழாவது கேள்விக்கு மட்டும் இரட்டிப்பு. எல்லாவற்றையும் அதிவேகமாகச் சரியாகச் சொன்னால் 160 வரும். அதற்கு மேல் போக முடியாது. நண்பரை அழைத்து ஆடும்போது அவர் அந்த நேரத்தில் இல்லாவிட்டாலும் தடையில்லை. நீங்கள் எந்தக் கேள்விக்கு எந்த நொடியில் என்ன விடை சொன்னீர்கள் என்பது பதிவாகியிருக்கும். அவர் பிறகு ஆடும்போது உங்கள் ஆட்டம் அவருக்கு எதிரே ஓடும்.

இந்த அமைப்பில் நான் மிகவும் மதிப்பது கடைசிக் கேள்வியின் இரட்டிப்பைத்தான். ஆறு கேள்விகளில் பின்தங்கியவருக்கும் அது ஒரு வாய்ப்பைத் தந்தது. முன்னால் இருப்பவரையும் அசந்திருக்க விடவில்லை. ஓர் ஆட்டம் இன்னும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதிரே பிலிப்பைன்சைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ஆறு கேள்விகள் முடிந்தபோது அவருக்கு 108, எனக்கு 93. ஏழாவதாக வந்த கேள்வி, இரண்டு அடுக்காக நிலத்தால் சூழப்பட்ட நாடு எது என்பது. அதாவது தனக்கும் கடல் இல்லை, தன்னைச் சுற்றியுள்ள எந்த நாட்டுக்கும் கடல் இல்லை என்ற நிலை. மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், பராகுவே, சாட் என நான்கு விடைகள் திரையில் தெரிந்தன. உலகில் அப்படிப்பட்ட நாடுகள் உஸ்பெகிஸ்தானும் லீக்டென்ஸ்டைனும் மட்டுமே என்பதை வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்ததால் விரல் தானாகப் போயிற்று. 36 புள்ளிகள் கிடைத்தன. அவர் மங்கோலியாவைத் தொட்டிருந்தார். 129-க்கு 108 என்று ஆட்டம் முடிந்த மறு நிமிடமே, மங்கோலியாவை ஏன் சேர்க்கக் கூடாது என்று கேட்டு அவரிடமிருந்து செய்தி வந்தது. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் கடல் இருக்கிறதே என்று பதில் எழுதினேன். அங்கிருந்து தொடங்கிய உரையாடல் அது.

அவரும் பள்ளி ஆசிரியை என்பது பிறகு தெரிந்தது. எங்கள் பகுதியில் மஞ்சள் வேகவைத்து உலர்த்துகிற படத்தை அனுப்பினேன். அவர் மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல் வயல்களின் படத்தை அனுப்பினார். 2015-இல் செயலியை மாற்றியமைத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சமூகத்தை உருவாக்கி, பதிவு போடவும் ஒருவரையொருவர் பின்தொடரவும் வசதி செய்தபோது இப்படிப்பட்ட தொடர்புகள் பெருகின. முகநூலில் நம்மைச் சுற்றி இருப்பவர்கள் உறவினர்களும் உடன் படித்தவர்களும்தான். அவர்களில் எத்தனை பேருக்கு ஆற்றுப் படுகைகளைப் பற்றிப் பேச விருப்பம் இருக்கும்? இங்கே அந்தப் பேச்சுக்காகவே ஆட்கள் இருந்தார்கள். இந்த மாற்றத்தால் விளையாட்டின் வேகம் குறைந்துவிட்டது என்று பலர் வருந்தினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு பேச ஓர் இடம் வேண்டியிருந்தது.

தொடக்க காலத்தில் ஆடுவதற்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது எங்களுக்குக் கிடைத்த இணைய இணைப்பு மந்தமானது. கோபியிலிருந்து குன்னத்தூர், பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூர் போகும் பேருந்தில் ஊர்களுக்கு இடையே சிக்னல் அறுந்து போகும். பத்து விநாடி ஆட்டத்தில் மூன்று விநாடி கேள்வி வந்து சேரவே போய்விட்டால் எதிராளியை எப்படி வெல்வது? டேட்டாவையும் அளந்து அளந்தே செலவிட வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் வேகத்தில் நானும் மற்றவர்களும் சமமானோம். அதன் பின்புதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஆடத் தொடங்கினார்கள். பெருந்துறை சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தம்பிக்குக் கொடிகள் என்ற தலைப்பின் மீது பித்து. இரவு ஷிப்ட் முடிந்து அழைப்பான். "அக்கா, ருமேனியா கொடியும் சாட் கொடியும் ஒண்ணாட்டவே இருக்குதுக்கா, எப்படிக்கா கண்டுபுடிக்கிறது?" என்பான். சாட் கொடியின் நீலம் சற்றே அடர்ந்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல எனக்கும் வழியில்லை. ஆனால் பள்ளியில் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறக்கவே மறுத்த அவன், சாட் எங்கே இருக்கிறது, அங்கே பிரெஞ்சு ஏன் பேசுகிறார்கள் என்று தானாகத் தேடிப் படித்தான். ஓர் ஆசிரியையாக எனக்கு இதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய குறை மொழி. நான் ஆடிய ஆங்கிலப் பதிப்பில் நான்கு வரிக் கேள்வியை ஓர் ஆங்கிலேயரோ அமெரிக்கரோ கண்ணால் தடவி முடிக்கும் நேரத்தில் தமிழ்வழியில் படித்த என் மாணவி முதல் வரியைத்தான் எழுத்துக்கூட்டிக் கொண்டிருப்பாள். விடை அவளுக்குத் தெரியும். கேள்விதான் அவளைத் தோற்கடித்தது. வேகத்துக்குப் புள்ளி தரும் எந்த விளையாட்டும் அறிவோடு சேர்த்து வாசிப்பு வேகத்தையும் அளக்கிறது; அந்நிய மொழியில் ஆடுகிறவருக்கு இது இரட்டைச் சுமை. அடுத்தது, தலைப்புகளின் சாய்வு. பாலிவுட்டும் கிரிக்கெட்டும் இருந்தாலும், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் அமெரிக்க வணிக முத்திரைகளுக்கும் கிடைத்த இடம் அதைவிட மிக அதிகம். புவியியலிலேயே அமெரிக்க மாநிலத் தலைநகரங்கள் அடிக்கடி வரும். நம் நாட்டைப் பற்றிய கேள்வி வந்தால் பெரும்பாலும் தாஜ்மகாலையோ கங்கையையோ தாண்டாது.

இன்னொரு சங்கடம் எல்லா வினாடி வினாத் தொகுப்புகளுக்கும் பொதுவானது. ஒரே தலைப்பை நெடுநாள் ஆடினால் கேள்விகள் திரும்ப வரும்; பிறகு நினைவு வேலை செய்கிறதா, பழக்கம் வேலை செய்கிறதா என்று நமக்கே ஐயம் வந்துவிடும். புவியியலில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. சுவாசிலாந்து 2018-இல் எஸ்வாத்தினி ஆயிற்று. மாசிடோனியா 2019-இல் வடக்கு மாசிடோனியா ஆயிற்று. அதே ஆண்டு கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானா என்ற பெயரை விட்டு நூர்சுல்தான் ஆகி, 2022-இல் மீண்டும் அஸ்தானாவுக்கே திரும்பியது. கேள்வித் தொகுப்பு என்பது ஒரு முறை எழுதி வைத்துவிடுகிற பொருளே இல்லை. அதை நாள்தோறும் பார்த்துத் திருத்த அக்கறையுள்ள ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வருமானம் வேண்டும்.

அந்த வருமானம்தான் குவிஸ்அப்புக்கு அமையவில்லை. தொடக்கத்தில் செக்கோயா போன்ற முதலீட்டாளர்கள் 2.2 கோடி டாலர் கொடுத்தார்கள். 2015-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியோடு சேர்ந்து, வீட்டில் இருப்பவர்களும் கலந்துகொள்ளும் ஒரு போட்டி நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது. நிறுவனம் தன் எதிர்காலத்தை அதன் மீதே வைத்திருந்தது. 2016-இல் என்பிசி அதைக் கைவிட்டதும் ரெய்க்யவிக் அலுவலகம் மூடப்பட்டது. ஏற்கெனவே முதலீடு செய்திருந்த குளு மொபைல் என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் அந்த ஆண்டு இறுதியில் விளையாட்டை வாங்கிக்கொண்டது. பிறகு சில ஆண்டுகள் ஓடி, 2021 சனவரியில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் சேர்ந்த ஒரு விளையாட்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நின்றதால் ஆட்டம் காண்கிறது என்றால், சேர்ந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் எதையும் காப்பாற்றாது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பல்லாங்குழியைச் செய்த தச்சர் இறந்து நூறு ஆண்டுகள் ஆனாலும் பலகை வீட்டில் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது. சர்வரில் ஓடும் விளையாட்டுக்கு அந்த ஆயுள் கிடையாது. என் போனில் செயலி இருந்தது. ஆனால் கேள்விகளும் எதிராளிகளும் தரவரிசையும் வேறெங்கோ இருந்தன. மூடும் அறிவிப்பு வந்தபோது பிலிப்பைன்ஸ் ஆசிரியையும் நானும் மின்னஞ்சல் முகவரிகளை மாற்றிக்கொண்டோம். இன்றும் மாதத்துக்கு ஒரு முறையேனும் ஒரு வரைபடக் கேள்வி அவரிடமிருந்து வருகிறது. முகவரி கேட்கத் தோன்றாத மற்றவர்களை, குறிப்பாகக் காலநிலை பற்றி மணிக்கணக்கில் விவாதித்த ஒரு பிரேசில் மாணவரை, இனி எங்கே தேடுவது?

வகுப்பறைக்கு மட்டும் அந்த ஆட்டத்தை என்னால் கொண்டுவர முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் இரண்டு பேரை முன்னால் நிறுத்துவேன். கையில் அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள். ஏழு கேள்விகள், கடைசிக்கு இரட்டிப்பு. ஆனால் பத்து விநாடிகளைப் பதினைந்தாக்கிவிட்டேன், கேள்வியை நானே தமிழில் வாசிப்பேன். நொய்யல் எந்த மலையில் பிறக்கிறது? பவானி காவிரியில் கலக்குமிடம் எது? கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் நம் பக்கம் வருபவை எவை? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் தரும் முதல் விடை எப்போதும் சிறுவாணிதான். கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றும்தான் அப்படி ஓடுகின்றன; அவற்றில் பவானியும், அமராவதியில் சேரும் பாம்பாறும் கொங்கு நாட்டுக்கு வருகின்றன என்று சொன்னதும், நீலகிரியில் பிறந்த பவானி அட்டப்பாடிக்குப் போய்த் திரும்பி வருவதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்காமல் யாரும் இடத்தில் போய் உட்கார மாட்டார்கள். தோற்ற பிள்ளைதான் அதிக நேரம் வரைபடத்தின் முன் நிற்கும்.

மாற்றாக எதை ஆடலாம் என்று கேட்பவர்களுக்கு: டிரிவியா கிராக் இன்னும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது, ஆனால் அது முறை வைத்து ஆடுவது, ஒரே நேரத்தில் எதிரெதிரே அமரும் பரபரப்பு அதில் இல்லை. கஹூட் வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது, தமிழில் கேள்விகளை நாமே எழுதிக்கொள்ளலாம்; ஆனால் அறையில் இருப்பவர்களோடுதான் பெரும்பாலும் ஆடுகிறோம், முன்பின் தெரியாதவரைச் சந்திப்பதில்லை. நேரலையில் நடத்தப்பட்ட எச்க்யூ டிரிவியாவோ நின்றுவிட்டது.

கோவையிலோ ஈரோட்டிலோ மென்பொருள் செய்யும் இளைஞர்கள் யாரேனும் தமிழில் இப்படி ஒன்றைச் செய்ய முன்வந்தால், என் அனுபவத்திலிருந்து கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: ஏழு கேள்விகளையும் கடைசி இரட்டிப்பையும் தொடாதீர்கள்; நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள்; கேள்வியைக் காதால் கேட்கவும் வசதி வையுங்கள்; தலைப்புகளை மாவட்டம், வட்டம் வரை இறக்குங்கள்; ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் ஒரு வரி எழுத இடம் விடுங்கள். புவியியல் கேள்விகளை எழுதித் தரவும், பெயர்கள் மாறும்போதெல்லாம் திருத்தித் தரவும் நான் தயாராக இருக்கிறேன்.