தாளிலிருந்து திரைக்கு: ஸ்கேனரா, பென் டேப்லெட்டா, ஐபேடா?

தாளில் கை நன்றாக ஓடுகிறவர்கள் டிஜிட்டலுக்கு மாற நினைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, “எந்த டேப்லெட் வாங்கலாம்?” என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நீங்கள் திரைக்குக் கொண்டுபோக நினைப்பது கோடு போடுவதையா, வண்ணம் தீட்டுவதையா? பென்சில் கோட்டில் குறையில்லை, வண்ணத்தில் கைவைத்தால்தான் படம் கெடுகிறது என்பவருக்குத் தேவையான கருவி வேறு. கோடே திரையில்தான் விழ வேண்டும் என்பவருக்கு வேறு. இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லி, இருப்பதிலேயே விலை கூடியதை வாங்க வைத்துவிடுகிறார்கள்.

தாளில் வரைந்து, திரையில் வண்ணம்

முதல் வகையினர் வரைவதைத் தாளிலேயே வைத்துக்கொள்ளலாம். ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல் கிடைக்கும். அதே அளவில் அச்சிட இது போதும். பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் 600 வையுங்கள். அப்புறம் வரையும் மென்பொருளில், வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியைத் திறந்து வெள்ளைப் பக்க முனையை உள்ளே நகர்த்தினால் தாளின் சாம்பல் நிறம் மறையும். கறுப்புப் பக்க முனையை நகர்த்தினால் கோடு இறுகும். ஸ்கேன் இருக்கும் லேயரை, அதாவது அடுக்கை, மல்டிப்ளை முறைக்கு மாற்றியதும் வெள்ளை காணாமல் போய்க் கோடு மட்டும் நிற்கும். கீழே புது லேயர் போட்டு வண்ணம் தீட்ட வேண்டியதுதான். நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் கோட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இழப்பும் உண்டு. 2எச், 4எச் போன்ற கடினமான பென்சிலில் மெல்லிசாகப் போட்ட ஷேடிங், லெவல்ஸை நகர்த்தும்போது தாளின் சாம்பலோடு சேர்ந்தே போய்விடும். 6பி, 8பி போன்ற மென்மையான பென்சிலில் அழுத்திப் போட்ட இருட்டோ, கிராஃபைட்டின் பளபளப்பால் சில இடங்களில் வெளிறித் தெரியும். அதனால் ஸ்கேனுக்குப் போகிற படத்தை எச்பி, 2பி அளவில் நிறுத்துவது நல்லது. கோட்டின் மேல் ஒருமுறை மை ஓட்டிவிட்டால் இன்னும் நிம்மதி. ஸ்கேனர் இல்லாமல் போனில் எடுப்பவர்கள் பகல் வெளிச்சத்தில், கொஞ்சம் தள்ளி நின்று, லேசாக ஜூம் செய்து எடுங்கள். ரொம்பக் கிட்டே போனால் தாளின் ஓரங்கள் வளையும், ஒரு மூலையில் உங்கள் நிழலே விழும்.

திரையில்லாத பென் டேப்லெட்

வாக்கம் (அதன் இன்டுவோஸ் வரிசை), ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும், கணினியோடு இணைக்கும் எளிய பலகை. கை மேசையில், கண் மானிட்டரில். பழக்கமே இல்லாத பிரிவு இது. தொடக்கத்தில் ஒரு நேர்கோடுகூட நினைத்த இடத்தில் முடியாது. பலர் இங்கேதான் மனம் தளர்ந்து, பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தடுமாற்றத்தில் ஒரு பங்கு கையுடையதே அல்ல, அமைப்புடையது. டேப்லெட்டின் வரையும் பரப்பு 16:10, மானிட்டர் 16:9 என்றிருந்தால், நீங்கள் சரியாகப் போட்ட வட்டம் திரையில் படுத்த முட்டையாக வரும். டிரைவரில் (டேப்லெட்டைக் கணினியோடு இயக்கும் மென்பொருளில்) இரண்டின் விகிதத்தையும் ஒன்றாக்கும் தேர்வு இருக்கும். வாங்கியதும் முதல் வேலையாக அதை இயக்குங்கள்.

பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் அழுத்த நிலைகள் 4096, 8192 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பதுதான் பென்சில்காரருக்கு முக்கியம், அதைப் பெட்டியில் போடமாட்டார்கள். டிரைவரில் அழுத்த வளைவை, அதாவது கை அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு எப்படி மாறும் என்ற அமைப்பை, கொஞ்சம் மென்மையாக்கினால் கை சீக்கிரம் இணங்கும். மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைகிறவருக்குச் சிறிய அளவு போதும். தோளிலிருந்து நீளக் கோடு இழுக்கிறவருக்கு நடுத்தர அளவாவது வேண்டும்.

ஸ்கேன் செய்து வண்ணம் மட்டும் தீட்டப்போகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கணிப்பு. கழுத்து குனியாமல் வேலை செய்யலாம் என்பது கூடுதல் லாபம்.

பென் டிஸ்ப்ளே

திரையின் மேலேயே வரைவது. கோடு போடும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போடலாம் என்பதால் தாளிலிருந்து வருகிறவருக்கு முதல் நாளே பழகிவிடும். ஆனாலும் கணினி இல்லாமல் இது இயங்காது, வயர்கள் சுற்றிக் கிடக்கும், நீண்ட நேரம் குனிந்திருந்தால் கழுத்து பழிவாங்கும். வாங்கும்போது கண்ணாடியும் திரையும் ஒட்டப்பட்டவையா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் பேனா முனைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சின்ன விலகல் தெரியும். கண் இமை, முடிக்கற்றை வரையும்போது அது எரிச்சலூட்டும்.

ஐபேடும் அதன் போட்டியாளர்களும்

கோட்டையும் திரைக்கே கொண்டுபோக வேண்டும், ஸ்கெட்ச் நோட்டுபோல எங்கும் எடுத்துப்போக வேண்டும் என்றால் இதுதான் கிட்டத்தில் வருகிறது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2009இல் ஐபோனிலும் 2010இல் ஐபேட் வந்ததும் அதிலும் வரையத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. “இத்தனை வருடம் தாளில் வரைந்துவிட்டு இனி எங்கே?” என்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

ஆப்பிள் பென்சில் 2015இல் வந்தது. பேனா நகர்ந்து கோடு தோன்றும் தாமதம் 2019இல் 20 மில்லி செகண்டிலிருந்து 9க்கு இறங்கியதாக ஆப்பிள் அறிவித்தது. அந்த வேகம் கையில் தெரியும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2023இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தத்தை உணரும் திறனே கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கினால் அழுத்தினாலும் தடவினாலும் ஒரே தடிமன்தான். எந்த ஐபேடுக்கு எந்தப் பென்சில் பொருந்தும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வரைவதற்கான புரோக்ரியேட் செயலி ஐபேடில் மட்டும் கிடைக்கும், ஒருமுறை பணம் கட்டினால் போதும். ஆனால் கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர் எண்ணிக்கை சுருங்கும். செய்ததை நீக்கிக்கொண்டே 250 படி வரை பின்னால் போகலாம். படத்தை மூடிவிட்டு கேலரிக்குத் திரும்பினால் அந்த வரலாறு அழிந்துவிடும். ஆண்ட்ராய்டு பக்கம் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையின் எஸ் பென் நல்ல மாற்று, அந்த டேப்லெட்டில் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் என்ற வரையும் செயலி ஓடும். கணினியில் செலவே வேண்டாம் என்றால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இருக்கிறது, இலவசம், பிரஷ்கள் அருமை. போட்டோஷாப் சந்தா கட்டித்தான் தொடங்க வேண்டும் என்பது பழைய பேச்சு.

பழக்கம் மாறும் இடம்

கருவி எதுவானாலும் தாள் ஒரு விஷயத்தில் முந்தும்: அதன் அளவு மாறாது. திரையில் ஜூம் செய்து ஒரு கண்ணிலேயே மணிக்கணக்காக உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்து பார்த்தால் தலையே கோணலாக இருக்கும். முழு உருவம் சரியாகும்வரை ஜூமைத் தொடாமலிருப்பது நல்ல கட்டுப்பாடு. அதே கோணலைக் கண்டுபிடிப்பதில் திரைதான் கெட்டி. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்களே, இங்கே ஒரு பொத்தானில் படம் இடவலமாகப் புரளும். அன்டூ மட்டும் ஆபத்து. ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அழிக்கிற கை, நீளக் கோட்டை ஒரே மூச்சில் இழுக்கும் துணிச்சலை இழந்துவிடும். கோட்டின் நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரையும் குறைவாகவே வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாருடைய கோடும் ஒரே மாதிரி வழுவழுவென்று வரும்.

கரித்துண்டை விரலால் தேய்த்தும், நீர்வண்ணத்தை ஈரத்தில் பரவவிட்டும் வரைகிறவர்கள் அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். அந்தத் தற்செயல்களைப் பிரஷ்கள் ஓரளவுக்குத்தான் போலி செய்யும். முதலில் கிரிட்டாவை இறக்கி, பழைய படம் ஒன்றை ஸ்கேன் செய்து, மவுஸிலேயே கீழ் லேயரில் ஒரு வானத்தைப் பூசிப் பாருங்கள். அது பிடித்தால் மட்டும் பேனாவைப் பற்றி யோசிக்கலாம்.