கருப்பை வாய்ப் புற்றுநோயில் எதிர்ப்பாற்றலை அளத்தல்: ரத்த எண்ணிக்கையா, ஃப்ளோ சைட்டோமெட்ரியா, திசுச் சோதனையா?

கருப்பை வாய்ப் புற்றுநோய், எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) தொற்று ஆண்டுக்கணக்கில் நீடிப்பதால் வருவது. பெரும்பாலானோரின் உடல் அந்த வைரஸை ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாதவர்களில் சிலருக்கே நோய் முற்றுகிறது. அதனால்தான் இந்த நோயில் எதிர்ப்பாற்றலை அளந்து பார்ப்பது முக்கியமாகிறது. அதற்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

எளிதானது முழு ரத்த எண்ணிக்கை. இரண்டு வகை வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையை லிம்போசைட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். சிகிச்சைக்கு முன்பே அது உயர்ந்திருப்பவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக அமையும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இந்த எண் எளிதில் ஏமாற்றும். ஒரு சிறுநீர்த் தொற்று போதும், விகிதம் ஏறிவிடும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தால் வரும் வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் நியூட்ரோஃபில்களை ஏற்றி லிம்போசைட்டுகளை இறக்கும். கதிர்வீச்சு இன்னும் கடுமையானது: லிம்போசைட்டுகள் மிகக் குறைந்த கதிரளவிலேயே மடிகின்றன, ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜையின் பெரும்பங்கு கதிர் படும் இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும்தான் இருக்கிறது. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த எண்ணையே நான் நம்புவேன். நடுவில் எடுத்ததை நோயாளியின் எதிர்ப்பாற்றல் என்று எழுதி வைப்பது அநியாயம்.

ரத்த அணுக்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி நுட்பமானது. லிம்போசைட்டுகளை சிடி4 (உதவும் டி அணுக்கள்), சிடி8 (கொல்லும் டி அணுக்கள்), இயற்கைக் கொல்லி அணுக்கள், எதிர்ப்பாற்றலை அடக்கும் டி அணுக்கள் எனப் பிரித்து எண்ணித் தரும். ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஆனால் அது காட்டுவது ரத்தத்தில் ஓடுவதை; போர் நடப்பதோ கட்டிக்குள். இந்த எண்ணுக்கு மேல் போனால் இந்தச் சிகிச்சை என்ற ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பும் இல்லை. எச்ஐவி உள்ள பெண்களின் நிலை வேறு. அவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் அபாயம் ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே சிடி4 எண்ணிக்கை இன்றியமையாதது. அது கன மில்லிமீட்டருக்கு 200க்குக் கீழே போனால் நுரையீரல் தொற்றுக்கு முன்தடுப்பு மருந்து தேவைப்படும். கதிர்வீச்சின்போது சிடி4 எண்ணிக்கை சரிந்தாலும் அதன் சதவீதம் அந்த அளவுக்குச் சரிவதில்லை என்பதால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். எச்ஐவி சோதனையைச் சிகிச்சைக்கு முன் யாருக்கும் தவிர்க்கக் கூடாது.

மருந்தைத் தீர்மானிக்கும் வலிமை திசுச் சோதனைக்கே உண்டு. சோதனைக்காக வெட்டியெடுத்த பயாப்ஸித் திசுவில், எதிர்ப்பணுக்களைத் தடுத்து நிறுத்தும் பிடி-எல்1 என்ற புரதத்துக்கான சாயம் ஏற்ற புற்றணுக்கள், லிம்போசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கும் அணுக்கள்) ஆகியவற்றைக் கூட்டி, உயிருள்ள புற்றணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கினால் கூட்டு மதிப்பெண் வரும். மீண்டும் வந்த அல்லது பரவிய நோயில் அது 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், கீமோதெரபியுடன், அந்தத் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைத் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் அனுமதித்தது. எனினும் சிறு துண்டுத் திசு முழுக் கட்டியின் கதையைச் சொல்லிவிடாது. அதே அமைப்பு 2024 ஜனவரியில், மூன்றாம் நிலை முதல் நான்கு-ஏ நிலை வரையிலான நோயில் கதிர்வீச்சு, கீமோதெரபியுடன் அதே மருந்தைத் தர பிடி-எல்1 மதிப்பெண்ணைக் கேட்காமலே அனுமதித்தது. அந்த நிலையில் இருப்பவருக்கு மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்தால் மருந்தை மறுக்கக் கூடாது.