பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போடப் போறவங்க முதல்ல இதைப் படிங்க

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் இருக்கிறவங்க கட்டாயம் படிங்க. எங்களுக்கு 42,000 ரூபா போச்சு. காசோட போயிருந்தா இவ்வளவு எழுத மாட்டேன். என் மகளோட ரெண்டு நல்ல பல்லும் போச்சு.

கிளினிக் பேரை எழுதல. மெயின் ரோட்டுல கண்ணாடிக் கதவு, ஏசி, "மாதத் தவணை உண்டு"ன்னு போர்டு, கம்பி போடுற டாக்டர் மட்டும் வெளியூர்ல இருந்து வந்துட்டுப் போவார். அந்த மாதிரி இடம்.

மகளுக்கு 13 வயசு. மேல்பல்லு கொஞ்சம் தூக்கல். கீழ்வரிசையில ரெண்டு பக்கமும் கடவாய்ப் பல்லுக்கு முன்னால பால்பல்லு விழாம நின்னுச்சு. ஆட்டமும் இல்ல, சொத்தையும் இல்ல. டாக்டர் அவ்வளவு தன்மையாப் பேசினார், அதை நினைச்சாத்தான் இப்போ வயிறு எரியுது. அவ கையில கண்ணாடியைக் கொடுத்து, "மக்களே, இது ரெண்டும்தான் வழியை மறிச்சிட்டு நிக்குது. எடுத்துட்டா அடியில இருக்கிற பல்லு தானா மேல வரும்"னார். ஊசின்னாலே அழுற பிள்ளை, அந்த வார்த்தையை நம்பி வாயைத் திறந்தா. மொத்தமாக் கட்டினா தள்ளுபடின்னாங்க. சிட்டி (சீட்டு) பிடிச்ச காசு 42,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

எடுத்த பல்லைப் பஞ்சுல சுத்தித் தந்தாங்க. ரெண்டுலயும் வேர் நீளமா, முழுசா இருந்துச்சு. சாதாரணமா விழுற பால்பல்லுல வேர் கரைஞ்சு மொட்டையாத்தானே இருக்கும்!

கம்பி போட்டாச்சு. மாசங்கள் போச்சு. பல்லு எடுத்த இடத்துல ஈறு வழவழன்னு மூடிக் கிடந்துச்சே தவிர ஒண்ணும் முளைக்கல. கேட்டா, "சில பிள்ளைகளுக்கு லேட்டாத்தான் வரும் சேச்சி." மறுபடி கேட்டா, "டாக்டர் லீவு." அப்புறம் வேற டாக்டர் வந்தார், "நான் இந்தக் கேஸைப் பார்க்கலையே"ன்னு கையை விரிச்சார். எக்ஸ்ரேயைக் காட்டுங்கன்னேன். சிஸ்டம் மாத்திட்டாங்களாம், பழைய படம் இல்லையாம். பில்லுல எக்ஸ்ரேக்குன்னு காசு போட்டிருக்கு. என் மகளை அங்க எக்ஸ்ரே மெஷின் முன்னால நிறுத்தினதே இல்ல, நான் கூடவேதான் இருந்தேன்.

கடைசியா திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க முழு வாயையும் ஒரே படமா எடுக்கிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டரம்மா திரையில விரல் வச்சுக் காட்டினாங்க. "இங்க பல்லு முளையே இல்லம்மா. பிறவியிலேயே உண்டாகல." குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டான்னு கேட்டாங்க. என் அண்ணனுக்கு மேல முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லு முளைச்சதே இல்ல. கிளினிக்ல ஒருத்தரும் இதைக் கேட்கல.

ஞானப்பல்லைத் தவிர்த்துப் பார்த்தா நூத்துல ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒரு பல்லாவது இப்படிப் பிறவியிலேயே இருக்காதாம். அதுலயும் அடிக்கடி இல்லாமப் போறது இதே கீழ்ப்பல்லுதானாம். அப்போ கம்பி போடுறதையே தொழிலா வச்சிருக்கிறவருக்கு இது தெரியாதா? அடியில பல்லு இல்லாததாலதான் பால்பல்லு வேர் கரையாம நின்னிருக்கு. விட்டு வச்சிருந்தா இன்னும் எத்தனையோ வருஷம் அதுலயே மென்னிருப்பா. இப்போ அந்த இடத்துல எலும்பும் மெலிஞ்சிட்டு வருது.

படத்தோட திரும்பப் போய்க் கேட்டா மேனேஜர் சொல்றார், "ரெண்டு இம்ப்ளான்ட் வச்சிரலாம், உங்களுக்காக 60,000." தாடை எலும்புல திருகி வைக்கிற செயற்கைப் பல்லு, அதுவும் 13 வயசுப் பிள்ளைக்கு! தாடை வளர வளர மத்த பல்லு மேல வரும், இம்ப்ளான்ட் வச்ச இடத்துலயே நிக்கும், அதனால வளர்ச்சி நின்னபிறகுதான் வைக்கணும்னு கல்லூரியில தெளிவாச் சொல்லிட்டாங்க. 42,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதுக்கு, "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே"ன்றாங்க. அந்தக் காகிதத்துல பேக்கேஜும் விலையும்தான் இருக்கு, பல்லு எடுக்கிறதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல கை ஓடல. ஓபிஜி எடுக்காம பால்பல்லுல கை வைக்க விடாதீங்க. அடியில பல்லு இருக்குன்னா படத்துல காட்டச் சொல்லுங்க, படத்தைக் கையோட வாங்கிக்கோங்க. மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும், பஞ்சுல சுத்தின பல்லும் என்கிட்ட பத்திரமா இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிட்டிருக்கேன். அதே கிளினிக்ல பிள்ளைக்குப் பால்பல்லு எடுக்க நாள் வாங்கி வச்சிருக்கிறவங்க, படம் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் போகாதீங்க.