நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி: குடும்பத்தோடு பார்த்த முதல் ஐஎஸ்எல் ஆட்டம்

லீவுக்குச் சென்னை வருகிறவர்கள் மால், பீச், உறவினர் வீடு என்று சுற்றுவதில் ஒரு சாயங்காலத்தைப் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு ஒதுக்குங்கள். ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து நடக்கிற மாதங்களில் வந்தால் கண்டிப்பாகப் போகலாம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு நடுராத்திரி வரை டிவியில் பிரீமியர் லீக் பார்க்கிற எனக்கு, நேரில் பார்த்த முதல் தொழில்முறை ஆட்டம் நம்ம ஊரில் அமைந்ததில் அவ்வளவு சந்தோஷம். 2025 ஜனவரி கடைசியில், நம்ம ஊர் அணியான சென்னையின் எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய ஆட்டம். அப்பா, அம்மா, தங்கை, அவள் பையன் எல்லாரும் வந்தார்கள்.

முதலில் சீட். இந்த ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி தடகள ஓடுபாதை இருக்கிறது, அதனால் கீழ் வரிசையில் உட்கார்ந்தாலும் பந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், எதிர்ப்பக்கம் நடப்பது தட்டையாகத் தெரியும். மேல் வரிசைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து பார்க்கும்போதுதான் இந்த விளையாட்டு முழுசாகப் பிடிபடுகிறது. நம்ம ஆள் ஒருவர் இடதுபக்கம் பந்தோடு நிற்கிறார், டிவி என்றால் அவர் மட்டும்தான் திரையில் இருப்பார், ஆனால் இங்கே வலதுபக்கம் ஒருவர் பந்தே வராத இடத்தில் உயிரைக் கொடுத்து ஓடுவதும், அவரோடு ஒரு டிஃபெண்டர் இழுபட்டுப் போக நடுவில் ஒரு இடம் திறப்பதும், எதிரணியின் பின்வரிசை நான்கு பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல ஒன்றாக முன்னே ஏறுவதும் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. ஆஃப்சைடு (பந்து பாஸ் ஆகும்போதே எதிரணியின் டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னால் நிற்பது) என்றால் என்ன என்று தங்கை பையனுக்கு வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், புரியவே இல்லை. லைன்ஸ்மேன் கொடி தூக்கியதும், "மாமா, அந்த அண்ணா முன்னாடியே போயிட்டாரு!" என்று அவனே கத்தினான்.

ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கேரளா கோல் போட்டுவிட்டது. மஞ்சள் சட்டைக்காரர்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள், அந்தப் பக்கமே எழுந்து குதித்தது. ஆனால் நம்ம பக்கத்தில் மேளம் நிற்கவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று ரசிகர் குழுக்கள் இருக்கின்றன, தோற்றுக்கொண்டிருக்கும்போதும் பாடுகிறார்கள். கடைசியில் 3-1 என்று தோற்றோம். அம்மாவுக்கு விதிமுறை எதுவும் தெரியாது, ஆனாலும் கடைசி நேரத்தில் நாம் போட்ட அந்த ஒரு கோலுக்கு எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினார்.

அப்பாவுக்கு இந்த இடம் பிடிக்க வேறு ஒரு காரணம். இப்போதைய ஸ்டேடியம் 1993-இல் கட்டியது, அதற்கு முன்னால் அதே இடத்தில் இருந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956-இல் டெஸ்ட் கிரிக்கெட்டில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது சேப்பாக்கத்தில் இல்லை, இங்கேதான், அந்த சாதனை 2008 வரை நின்றது. இடைவேளை முழுக்க அப்பா இதைத்தான் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்த அணி மேல் பிடிப்பு வந்தது 2015-இல். வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்ததால் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தையே புனேயில் ஆடினார்கள், ஃபைனலில் 90 நிமிடம் ஆகப்போகும் நேரத்தில் கோவாவிடம் பின்தங்கியிருந்து 3-2 என்று ஜெயித்தார்கள். 2018-லும் அதே 3-2, பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே வைத்து. வியாசர்பாடியில் தெருவில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் போன்றவர்கள் நீலச் சட்டை போட்டு ஆடிய அணி இது. வடசென்னையில் கால்பந்து எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

சரி, போகிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை விஷயம். கார் வேண்டாம், சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைனில் எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் கூட்டம் சேர்ந்தால் நெட் இழுக்கும். ஆட்டம் ஏழரைக்கு என்றால் ஆறரைக்கே உள்ளே இருங்கள், வார்ம்-அப்பில் கோல் கீப்பர் மேல் சரமாரியாகப் பந்து அடித்துப் பழகுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வயதானவர்களோடு போனால் படி ஏற நேரம் வைத்துக்கொள்ளுங்கள், உட்கார ஒரு துண்டு கொண்டுபோனால் நல்லது. சாப்பாட்டை வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம், பெரியமேட்டில் பிரியாணிக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம், எதிரணி யார் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். கேரளா அல்லது பெங்களூரு வருகிற நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.