சொல்லாமல் மூடிக்கொள்ளும் எடிட்டர்: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

போன வாரம் குலசேகரத்தில் இருந்து நண்பன் கூப்பிட்டான். "மக்கா, நீ நிரல் எழுத வச்சிருக்கிற அந்த எடிட்டரை எனக்க பழைய லேப்டாப்புல போடலாமா? டியூஷன் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுக்கணும்" என்றான். போடு, போடாதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. முக்கால் மணி நேரம் பேசினேன். அப்புறமும் மனதில் மிச்சம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடிட்டரின் பெயரை எழுதப் போவதில்லை. உலாவித் தொழில்நுட்பத்தில் செயலி கட்ட உதவும் எலெக்ட்ரான் மேல் கட்டப்பட்ட எடிட்டர்கள் இன்று எத்தனையோ இருக்கின்றன. எனக்கு நடந்தது அவற்றில் எதிலும் நடக்கக்கூடியது. அதன் நிறங்கள், நீட்சிகள், மெமரி தின்னும் பழக்கம் எல்லாம் உங்களுக்கே தெரியும். 4 ஜிபியில் திணறியது, 8 ஜிபி ஆக்கியதும் சரியானது. அந்தப் பேச்சு அதோடு போதும்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஷீட்டின் தரம் ஒன்று, எடை ஒன்று, ஈரத்துக்குக் கழிப்பது ஒன்று, ஒட்டுப்பாலுக்கு (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த பால்) விலை தனி, முன்பணம் வாங்கியவர்களுக்குக் கணக்கு தனி. ஒரு கடையின் வழக்கம் அடுத்த கடையில் செல்லாது. கடைக்கார அண்ணன்மார் இதையெல்லாம் பேசிக்கொண்டே போவார்கள், நான் எடிட்டரில் ஒரு புதுத் தாளைத் திறந்து தமிழில் தட்டிக்கொண்டே இருப்பேன். அந்தத் தாளுக்குப் பெயர் வைப்பதும் இல்லை, சேமிப்பதும் இல்லை.

சேமிக்காமல் விடுகிற தைரியத்தைக் கொடுத்ததே இந்த எடிட்டர்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மழையோடு காற்றும் சேர்ந்தால் ரப்பர் கிளை முறிந்து கம்பியில் விழும், கரண்டு போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் இருந்த ஊர்கள் இங்கே நிறைய. என் லேப்டாப்பின் பேட்டரி செத்து வருடங்கள் ஆகின்றன. கரண்டு போனால் அந்த நொடியே திரை இருட்டு. ஆனாலும் திரும்பத் திறந்தால், பெயர் வைக்காத அந்தத் தாள்கூட, பாதியில் நின்ற வாக்கியத்தோடு அப்படியே இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. வேலை பார்க்கிறவனின் உழைப்பை மதிக்கத் தெரிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

தமிழையும் அது கெடுப்பதில்லை. கட்டளைகளைத் தட்டி ஓட்டுகிற என் டெர்மினலில் 'கொள்முதல்' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். எடிட்டருக்குள் எழுத்து எழுத்தாகவே நிற்கும். நிரலுக்கு நடுவில் 'ஒட்டுப்பாலுக்கு ஈரக் கழிவு கிடையாது' என்று குறிப்பு எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போதும் அந்த அண்ணனே பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல இருக்கும்.

இவ்வளவு பிடித்த ஒன்றின் மேல் இவ்வளவு கோபம் வந்த கதை 2024 பிப்ரவரியில் தொடங்கியது. அப்போது என்னிடம் இருந்தது உபுண்டு 18.04, லினக்ஸ் வகை இயங்குதளம். எடிட்டரின் புதிய பதிப்பை டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) இறக்கி, நானே பிரித்து, பழையதன் இடத்தில் வைத்தேன். ஐகானை அழுத்தினால் சாளரம் திறந்தது. என் கோப்புகள் வரிசையாக வந்தன. இரண்டு நொடி. மொத்தமும் மறைந்துவிட்டது. செய்தி இல்லை, மன்னிப்புப் பெட்டி இல்லை, ஒரு பீப் சத்தம்கூட இல்லை. திரும்ப அழுத்தினேன். திறந்தது, மறைந்தது.

காரணம் தெரியாதபோது மனிதன் தெரிந்த மருந்தை எல்லாம் போட்டுப் பார்ப்பான். கிராஃபிக்ஸ் உதவியை அணைத்துத் திறந்தேன். நீட்சிகளை முடக்கித் திறந்தேன். மெமரியோ என்று மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறந்தேன். பயன் இல்லை. அப்புறம், எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற அந்த யோசனை: அமைப்புகள் இருக்கும் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. அழித்தேன்.

சேமிக்காத தாள்களின் நகல்களை எடிட்டர் வைத்திருந்ததும் அதே கோப்புறைக்குள்தான்.

மூன்று நாள் மூன்று கடைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதிய கணக்கு வழக்கங்கள் அதோடு போயின. எத்தனையோ கரண்டு வெட்டில் பத்திரமாக இருந்தவை, என் கையாலேயே அழிந்தன. ஒரு கடைக்கார அண்ணனிடம் திரும்பப் போய்க் கேட்டபோது, "அன்னைக்குத் தானே எல்லாம் சொன்னேன் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஐகானை விட்டுவிட்டு டெர்மினலில் இருந்து எடிட்டரைத் திறந்தேன். கோப்புறை புதிது என்பதால் இந்தத் தடவை சாளரம் நின்றது. எடிட்டருக்குள்ளேயே கீழே உள்ள டெர்மினல் பலகையைத் திறந்த அந்த நொடி விழுந்தது. முன்பும் பழைய பலகை தானாகத் திறந்துகொண்டபோதுதான் விழுந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. விழும்போது வெளி டெர்மினலில் ஒரு வரி வந்திருந்தது: ஜிலிப்சி 2.28 கிடைக்கவில்லை, இன்ன கோப்புக்கு அது தேவை. அவ்வளவுதான். மூன்று நாள் உழைப்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வரி, யாரும் பார்க்காத இடத்தில் கிடந்தது.

ஜிலிப்சி என்றால் லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கிற அடிப்படை லைப்ரரி. கோப்பைத் திறக்க, மெமரி கேட்க, எழுத்தை அச்சிட எல்லாம் அதன் வழியாகத்தான். கல்யாண வீட்டுக்கு வருகிற சமையல்காரர் மசாலாவையும் கரண்டியையும் கொண்டு வருவார். உருளியும் அண்டாவும் வீட்டுக்காரர் ஏற்பாடு. நிரலும் அப்படித்தான். தன் கைவேலையை மட்டும் கொண்டு வரும், பொதுப் பாத்திரம் கணினியில் இருக்கும் என்று நம்பி வரும். பழைய நிரல் புதிய ஜிலிப்சியில் ஓடிவிடும். புதிய ஜிலிப்சியை எதிர்பார்த்துக் கட்டிய நிரலுக்குப் பழையது போதாது. உபுண்டு 18.04 வெளிவந்தது 2018 ஏப்ரலில், ஜிலிப்சி 2.27 உடன். 2.28 வந்தது அதே வருடம் ஆகஸ்டில். வித்தியாசம் சில மாதம்தான். ஆனால் ஒரு உபுண்டு பதிப்பு தன் ஆயுள் முழுவதும் அதே ஜிலிப்சியோடுதான் இருக்கும். உங்களிடம் எது இருக்கிறது என்று தெரிய, எல்டிடி கட்டளையைப் பதிப்பு கேட்கும் விருப்பத்தோடு (ldd --version) ஓட்டினால் முதல் வரியிலேயே எண் வந்துவிடும்.

இந்த இடத்தில் இன்னொரு தவறும் செய்தேன். நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். குறைவது ஒரு கோப்புதானே என்று நினைத்து, உபுண்டு 20.04 வைத்திருந்த தெரிந்த பையன் ஒருவனின் கணினியில் இருந்து ஜிலிப்சி 2.31 கோப்பைக் கொண்டு வந்தேன். ஜிலிப்சியின் முக்கியக் கோப்பைச் சுட்டுகிற லிப்சி என்ற இணைப்பை அதன் பக்கம் திருப்பினேன். அடுத்த நொடி எந்தக் கட்டளையும் ஓடவில்லை. கோப்புகளைப் பட்டியலிடுகிற கட்டளை, நகலெடுக்கிற கட்டளை, நிர்வாகி அனுமதி தருகிற சூடோ, எல்லாம் செத்துவிட்டன. லிப்சியும், நிரல்களை ஏற்றிவிடும் லோடரும் ஒரே பதிப்பின் ஜோடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கணினியே கை கட்டிக்கொண்டு நின்றுவிடும். பழைய 2.27 கோப்பை அழிக்காமல் விட்டிருந்ததால் தப்பினேன். உபுண்டு பென்டிரைவில் இருந்து கணினியைத் தொடங்கி, ஹார்ட் டிஸ்க்கை மவுண்ட் செய்து, இணைப்பைப் பழையபடி திருப்பினேன். உயிர் வந்தது. ஜிலிப்சியைக் கையால் மாற்றாதீர்கள். எவ்வளவு அவசரம் இருந்தாலும் மாற்றாதீர்கள்.

சரி, இதில் எடிட்டரை எழுதியவர்களின் பங்கு எவ்வளவு? கோபத்தில் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டேன். ஆறிய பிறகு யோசித்தால் அது நியாயமாகப் படவில்லை. இப்படிப்பட்ட எடிட்டர்களுக்கு அடித்தளமான, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுகிற நோட் ஜேஎஸ், 2022 ஏப்ரலில் 18ஆம் பதிப்பு வந்தபோதே, லினக்ஸுக்கான ஆயத்தக் கோப்புகளுக்கு ஜிலிப்சி 2.28 வேண்டும் என்று வைத்துவிட்டது. உபுண்டு 18.04க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. நான் அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். டார் கோப்பை நானே பிரித்து வைத்ததும் என் முடிவு. தேவைகளைச் சரியாக எழுதிய டெப் கோப்பாக (உபுண்டுவின் நிறுவல் கோப்பு) இருந்திருந்தால், இந்த ஜிலிப்சி போதாது என்று உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். டாருக்கு அப்படி வாசல் கிடையாது.

ஆனால் பழைய கணினியைக் கைவிடுவது ஒன்று, அதைச் சொல்லாமல் கைவிடுவது இன்னொன்று. தொடங்கியதும் ஜிலிப்சி எண்ணைப் பார்த்து, "உங்கள் கணினியில் 2.27 இருக்கிறது, எனக்கு 2.28 வேண்டும், உங்கள் தாள்கள் இந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன" என்று ஒரு பெட்டி காட்ட எத்தனை வரி நிரல் வேண்டும்? இரண்டு நொடி அது உயிரோடுதானே இருந்தது. என் கோப்புகளை எல்லாம் அடுக்கிக் காட்ட நேரம் இருந்ததே.

இதை இன்னும் உறைக்க வைத்தது அடுத்து நடந்தது. மார்ச்சில் உபுண்டு 22.04 புதிதாகப் போட்டேன். அதில் ஜிலிப்சி 2.35, அந்தக் கவலை தீர்ந்தது. இந்தத் தடவை வேறொரு சிறிய எடிட்டரை, எல்லாம் ஒரே கோப்பில் வருகிற ஆப்இமேஜ் கோப்பாக இறக்கிப் பார்த்தேன். அதுவும் திறக்கவில்லை. டெர்மினலில் ஓட்டினால் தெளிவாக எழுதியிருந்தது: லிப்ஃபியூஸ் இரண்டாம் பதிப்பை ஏற்ற முடியவில்லை, ஆப்இமேஜ் ஓட ஃபியூஸ் வேண்டும், இல்லாவிட்டாலும் இன்ன விருப்பத்தோடு ஓட்டினால் உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்கலாம். என்ன குறை, ஏன் வேண்டும், இப்போதைக்கு என்ன வழி, மூன்றும் இருந்தன. அதுவும் டெர்மினலில்தான் வந்தது, ஐகானை அழுத்துகிறவருக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனாலும் படித்தவனை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஃபியூஸ் என்பது கோப்புக்குள் இருப்பதைக் கோப்புறைபோல இணைத்துக் காட்டும் வசதி, லிப்ஃபியூஸ் அதன் லைப்ரரி. 22.04இல் லிப்ஃபியூஸ்2 தானாக வருவதில்லை, அதை மட்டும் ஆப்ட் மூலம் போட்டேன், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. (ஃபியூஸ் என்ற பெயரிலேயே இருக்கும் பழைய தொகுப்பைப் போட்டுவிடாதீர்கள். அது ஃபியூஸ்3ஐ நீக்கி, அதைச் சார்ந்த டெஸ்க்டாப் பகுதிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடக்கூடும்.)

பழைய எடிட்டருக்கே திரும்ப வந்தேன், டெப் கோப்பாக. அன்றிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. இந்த ஜூன் மழையில் ஒரே நாளில் நான்கு தடவை கரண்டு போனது, நான்கு தடவையும் என் தாள் திரும்ப வந்தது. தேடல் அதே வேகம், தமிழ் அதே அழகு. வேறு எடிட்டருக்குப் போகும் எண்ணமும் எனக்கு இல்லை. கேட்டு எழுதும் குறிப்புகளுக்கு மட்டும் உடனே பெயர் வைத்துச் சேமித்துவிடுகிறேன். வாரம் ஒரு தடவை எடிட்டரின் அந்தக் கோப்புறையையும் பென்டிரைவில் நகலெடுக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பனிடம் "போடாதே" என்றேன்.

"நீயே நல்லாருக்குன்னு சொல்லுற, அப்புறம் என்னடே?" என்றான். எனக்கு விழுந்தால் டெர்மினலைத் திறந்து பார்க்கத் தெரியும். இப்போதாவது தெரியும். அவனிடம் வருவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். எழுதிக்கொண்டிருந்த முதல் நிரல் கண்முன்னே காணாமல் போய், ஏன் என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால், அந்தப் பிள்ளை தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைக்கும். நாற்பது வயதில் நானே அப்படித்தான் நினைத்தேன். பைத்தானோடு வருகிற ஐடில் என்ற எளிய எடிட்டர் இருக்கிறது, பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் அதைத் தனியாக உபுண்டுவில் ஆப்ட் மூலம் போட்டால், அந்த உபுண்டுவுக்கு ஏற்ற பதிப்பாகவே வரும். பிள்ளைகளுக்கு இப்போதைக்கு அது போதும்.

அவனுக்குத் திருப்தி இல்லை. எல்டிடி எண்ணைப் பார்த்து அனுப்பச் சொன்னேன். ராத்திரி திரையைப் படம் எடுத்து அனுப்பினான். 2.27.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வருகிறான். கிளம்புமுன் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொள், எந்தக் கோப்புறையையும் அழிக்காதே என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.