கொழும்புக் கட்டடத்தில் பங்கு தருகிறோம் என்று சல்லி கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், டிக்கோயா பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் என் கடையில் ஒரு தாளை நீட்டி, "ரெண்டு கொப்பி எடுத்துத் தாங்க மகள், எழுத்து தெளிவா வரணும்" என்றார். ஹட்டனில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனையோ தாள் கையில் வந்து போகும், எதையும் படித்துப் பார்ப்பதில்லை. இந்தத் தாளைப் படிக்கவே தேவைப்படவில்லை. பச்சைக் கரை, நடுவில் கொழும்புக் கோட்டையின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரம், கீழே தங்க நிற முத்திரை. இதே தாள் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் என் அம்மாவின் பெயர் இருக்கிறது.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து பறித்தவர். வேலையை விட்டபோது ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு பழைய கடனுக்கும் தம்பியின் கல்யாணத்துக்கும் போனது. மிஞ்சியது சேவைக்காலப் பணம், அதாவது வேலை செய்த வருடக் கணக்குக்குத் தோட்டம் மொத்தமாகக் கொடுக்கும் காசு. அப்போது நாள் சம்பளம் 1350 ரூபாய், வருடத்துக்கு 14 நாள் வீதம், 31 வருடத்துக்கு 585,900 ரூபாய். கணக்கை நானே இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தக் காசு வங்கிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஒருவன் நாங்கள் இருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்துவிட்டான். யாருக்கு எப்போது சேவைக்காலப் பணம் வருகிறது என்பது அவனுக்கு எப்படித் தெரிகிறது என்பதை நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வெளியூர்க்காரன் மாதிரிப் பேசவில்லை. "பெரியம்மா" என்றுதான் கூப்பிட்டான். திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தான். கொழும்பில் கட்டடங்களை வைத்து வாடகைக்கு விடும் பெரிய கம்பனி என்று சொல்லி ஒரு புத்தகத்தைக் காட்டினான். அது உண்மையான புத்தகம்தான், பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு கம்பனியின் ஆண்டறிக்கை. இரட்டைக் கோபுரத்தின் படத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. 1997 ஒக்டோபரில் அந்தக் கட்டடம் திறந்து சில நாளிலேயே பக்கத்தில் குண்டு வெடித்ததை ரேடியோவில் கேட்டிருக்கிறார். "அவ்வளவு பெரிய குண்டுக்கே விழாத கட்டடம் பெரியம்மா" என்றான். அப்புறம் சொன்னதுதான் அம்மாவை விழ வைத்தது. "இத்தனை வருசம் லயத்து காம்பராவுக்கு ஒரு உறுதிப் பத்திரம் கிடைச்சுதா? இதுல கட்டடத்துல ஒரு துண்டு உங்க பேருக்கே எழுதித் தாறோம்."

வட்டி ஆசையில் ஏமாந்தோம் என்று ஊரில் பேசுகிறார்கள். என் அம்மாவுக்கு வட்டி இரண்டாவதுதான். பிறந்ததும் வளர்ந்ததும் எங்களைப் பெற்றதும் கம்பனி லயத்தில். தன் பெயர் எழுதிய ஒரு உறுதியை அவர் வாழ்க்கையில் தொட்டதில்லை. அவன் விற்றது அதைத்தான்.

ஐந்து இலட்சம் கொடுத்தோம். வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். காசு போட்டது ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கில். "கம்பனிக் கணக்குல போட்டா வரி வெட்டுவாங்க" என்றான், நானும் தலையாட்டினேன். பங்குப் பத்திரம் என்று அவன் தந்த அந்தப் பச்சைக் கரைத் தாளை என் கடை மெஷினிலேயே லெமினேட் பண்ணி அம்மாவிடம் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

மாதம் நூற்றுக்கு நாலு வீதம் வாடகைப் பங்கு என்று சொன்னபடி முதல் மாதம் 20,000 வந்தது. இரண்டாவது மாதமும் வந்தது. அது எங்கள் காசிலிருந்தே எடுத்துக் கொடுத்தது என்று அப்போது விளங்கவில்லை. அதை நம்பித்தான் பக்கத்து லயத்தில் இன்னும் இரண்டு பேர் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் காசும் இல்லை, போனும் இல்லை.

சரி, கம்பனியையே கேட்போம் என்று, கண்டியில் இருக்கும் ஒரு பங்குத் தரகர் கம்பனியின் கிளைக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மாட சீடிஎஸ் கணக்கு இலக்கம் என்ன?" என்றுதான் முதலில் கேட்டார். வாங்கிய பங்குகள் நம் பெயரில் பதிவாகும் கணக்காம் அது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு ஒரு மணித்தியாலம் உட்கார வைத்து விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை முன்பே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்தக் காசு போயிருக்காது.

கொழும்பு பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனியின் பங்கை யாரும் லயத்துக்கு வந்து தாளில் எழுதித் தர மாட்டார்கள். அனுமதிப்பத்திரம் உள்ள தரகர் மூலமாக, உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து, உங்கள் பெயரிலேயே சீடிஎஸ் கணக்கு திறக்க வேண்டும். வாங்கிய பங்கு அந்தக் கணக்கில்தான் ஏறும். காசு தரகர் கம்பனியின் கணக்குக்குப் போகும், எவனோ ஒருவனின் சேமிப்புப் புத்தகத்துக்குப் போகாது. அனுமதி பெற்ற தரகர்களின் பெயர்கள் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது கம்பனியின் பெயர். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனியின் பெயர் பிஎல்சி (PLC) என்று முடிய வேண்டும். இரட்டைக் கோபுரத்தின் சொந்தக்காரக் கம்பனியும் அப்படித்தான், ஓவர்சீஸ் ரியல்ட்டி (சிலோன்) பிஎல்சி. அந்தக் கம்பனிக்கும் எங்களை ஏமாற்றியவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, படத்தைத் திருடியிருக்கிறான், அவ்வளவுதான். எங்கள் தாளின் முத்திரையைச் சுற்றிப் பொடி எழுத்தில் இருந்தது வேறொரு பெயர், அதன் முடிவில் பிரைவேட் லிமிடெட். பிரைவேட் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்கவே சட்டத்தில் இடமில்லை.

எனக்கு மிகவும் உறைத்தது இன்னொன்று. பங்கு வாங்கினால் கட்டடத்தில் ஒரு துண்டு நமக்கு வராது. கட்டடம் கம்பனிக்குச் சொந்தம், நமக்குச் சொந்தம் கம்பனியில் ஒரு பங்கு மட்டும். ஒரு ஜன்னல்கூட நம் பெயரில் எழுதப்படாது. வாடகையும் நேராக நம் கைக்கு வராது. கட்டடப் பராமரிப்பு, சம்பளம், கடன் வட்டி, வரி எல்லாம் போய் மிஞ்சுவதில் எவ்வளவு கொடுப்பது என்று பணிப்பாளர் சபை முடிவெடுத்தால்தான் பங்கிலாபம். சில வருடம் ஒன்றுமே இருக்காது. மாதா மாதம் இத்தனை வீதம் என்று எந்தக் கம்பனியும் பங்குக்கு உத்தரவாதம் தர முடியாது.

அவன் ஆண்டறிக்கையில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிய பெரிய இலாபத் தொகையையும் கேட்டேன். இந்த மாதிரிக் கம்பனிகளின் இலாபத்தில், கட்டடத்தின் மதிப்பு அந்த வருடம் கூடியதும் சேர்ந்திருக்குமாம். மதிப்பீட்டாளர் வந்து விலை கூடிவிட்டது என்று எழுதினால் அதுவும் இலாபக் கணக்கில் ஏறும், ஆனால் பெட்டியில் ஒரு சதம் விழாது. அதைக் காட்டித்தான் "இவ்வளவு காசு உங்களுக்குப் பிரிச்சுத் தருவாங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

பேச்சோடு பேச்சாக அந்த அண்ணன் சொன்னார், பெருந்தோட்டக் கம்பனிகள் பலவற்றின் பங்குகளும் அதே சந்தையில்தான் கைமாறுகின்றன என்று. நாங்கள் பறித்த கொழுந்தும் அங்கே ஒரு விலையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். ஆணைக்குழுவுக்கும் எழுதி, தாளின் கொப்பியும் வங்கித் துண்டும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். காசு திரும்ப வருமா என்று அம்மா தினமும் கேட்கிறார். தாளை எடுத்துவிடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

வெள்ளிக்கிழமை வந்த பெரியவர் ஒன்றரை இலட்சம் ஏற்கெனவே கொடுத்திருந்தார். மீதியைத் திங்கட்கிழமை கட்டுவதாக இருந்தார். கொப்பி எடுத்தது மகனிடம் காட்டுவதற்காம். கடையை அரை மணித்தியாலம் மூடி வைத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை, அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, அவர் அழுதுகொண்டே போனைத் திருப்பித் தந்தார். திங்கட்கிழமை அவர் காசு கட்டவில்லை.

இதுவரை எங்களோடு ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் இருந்தாலும், பச்சைக் கரைத் தாள் கையில் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். காசு போட்ட துண்டு, அவன் அனுப்பிய மெசேஜ், பேசிய போன் இலக்கம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். இந்தப் பதிவின் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன். எல்லாருடைய முறைப்பாட்டையும் ஒன்றாகக் கொடுக்கப் போகிறோம். கொப்பிக்குக் காசு வேண்டாம்.