42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தோலை மட்டும் தைத்து அனுப்பினார்கள்

என் தம்பி சேலம் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளாகப் படுத்திருக்கிறான். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். அவன் கட்டிலருகே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஏற்காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவன், ஏணி சறுக்கி, கவாத்து செய்து விட்டிருந்த காப்பிச் செடியின் கூரான கட்டை மேல் குப்புற விழுந்தான். தொப்புளுக்கு இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் ஓட்டை. கூட வேலை செய்தவர்கள் பதற்றத்தில் அவனைக் கட்டையிலிருந்து தூக்கி எடுத்துவிட்டார்கள். கட்டையை அடியில் அறுத்து, குத்தியது குத்தியபடியே துணி சுற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது இப்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. இரத்தம் அதிகம் வரவில்லை என்பதால் எல்லோரும் தைரியமாக இருந்துவிட்டோம்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் இறங்கி அடிவாரத்துக்கு வந்தபோது நானும் சேர்ந்துகொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் கிடக்க வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னதைக் கேட்டு, வழியிலிருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்தோம். வாசல் பலகையில் 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை நிபுணர் உண்டு என்று எழுதியிருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் காயத்தைப் பஞ்சால் துடைத்துப் பார்த்து, ஸ்கேன் கருவியை வயிற்றில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "உள்ளே ஒண்ணும் போகலை சார், தண்ணி இல்லை, நாலு தையல் போட்டா சரியாயிடும்" என்றார். அந்தக் கையை நான் நம்பினேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 42,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினேன்.

மாலையில் இட்லி கொடுக்கச் சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு, "அண்ணா, வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்றான். செவிலியர் வாயு என்று சொல்லி வலி ஊசி போட்டார். இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தான். நாடித்துடிப்பு 128 என்று அவர்களே தாளில் குறித்துக்கொண்டார்கள். நிபுணர் எங்கே என்று ஐந்து முறை கேட்டேன்; "வந்துகொண்டிருக்கிறார்" என்ற ஒரே பதில்தான் ஐந்து முறையும் வந்தது. விடியும்வரை எவரும் வரவில்லை.

காலையில் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த அறுவை சிகிச்சை மருத்துவர் வயிற்றை அழுத்தி விட்டதும் தம்பி அலறினான். நிமிர்த்தி உட்காரவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு) கீழே காற்று தெரிந்தது; குடல் ஓட்டையானதன் அடையாளம் அது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது சிறுகுடலில் இரண்டு ஓட்டைகள், கட்டை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்திருக்கிறது. முந்தைய நாளே திறந்திருந்தால் இரண்டு ஓட்டைகளையும் தைத்து முடித்திருக்கலாம் என்றும், இரவெல்லாம் குடல்நீர் கசிந்து சீழ் பிடித்ததால் அரை முழம் குடலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று என்றும் அவர் சொன்னார்.

அவர் நிதானமாக விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். அந்த ஸ்கேன் வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருந்தால் காட்டும். குடலில் விழுந்த சிறு ஓட்டையைத் தொடக்க மணிநேரங்களில் பெரும்பாலும் காட்டாது. ஆகவே ஸ்கேனில் தண்ணீர், அதாவது தேங்கிய இரத்தமோ நீரோ, இல்லை என்பது குடல் தப்பியது என்பதற்குச் சான்றாகாது. இரத்த அழுத்தம் இறங்கினாலோ, வயிறு பலகைபோல் விறைத்தாலோ, குடல் வெளியே தெரிந்தாலோ ஸ்கேனுக்குக் காத்திராமல் நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி எதுவும் இல்லாதவருக்கு, இடத்தை மரத்துப்போகச் செய்து காயத்தை விரித்து ஆழம் பார்ப்பதும், சி.டி. ஸ்கேன் எடுப்பதும் உண்டு. அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால், முடிந்தவரை ஒரே மருத்துவர் 24 மணி நேரம் திரும்பத் திரும்ப வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் தோலை மூடித் தைத்ததற்குத்தான் நான் 42,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ரசீதில் 'நிபுணர் ஆலோசனை – 6,000' என்று ஒரு வரி இருக்கிறது. எந்த நிபுணர் என்று கேட்டால், வரவேற்பில் இருந்த பெண் கணக்குப் பிரிவைக் காட்டினார்; கணக்குப் பிரிவில் மேலாளர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள்; தொலைபேசியில் கிடைத்த மேலாளரோ, "நீங்களே கையெழுத்துப் போட்டுத்தானே கூட்டிட்டுப் போனீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லை. சிகிச்சைக் குறிப்பின் நகலையும் தர மறுக்கிறார்கள். கேட்டு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. வயிற்றில் எது குத்தினாலும் பிடுங்காதீர்கள். குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான ஈரத்துணியால் மூடுங்கள். தண்ணீர், இட்லி எதுவும் கொடுக்காதீர்கள். மார்புக்காம்புக்குக் கீழே விலாவில் குத்தினாலும் வயிற்றுக் காயமாகவே எண்ணுங்கள். அறுவை மருத்துவர் கட்டிடத்துக்குள் இருக்கிறாரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

நகல் கேட்டு எழுதிய கடிதத்தை நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதன் பிறகு 42,000 ரூபாய்க்கான ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.